மூணு வருஷம் காட்டுக்குள்ள கிண்டர்கார்டன்: பையனுக்கு அஞ்சு ஸ்டார், எங்களுக்கு மூணு

பேரு போட மாட்டேன், ஏன்னா கொறையும் சொல்லப் போறேன், சின்ன ஊரு, காய்கறி வாங்கப் போனா அவங்க மொகத்துலதான் முழிக்கணும். ஃப்ரைபுர்க் பக்கம், பிளாக் ஃபாரஸ்ட் அடிவாரத்துல ஒரு ஊரு, அங்க இருக்கற ஒரு வால்ட்கிண்டர்கார்டன்ல, அதாவது காட்டுக்குள்ளயே நடக்கற கிண்டர்கார்டன்ல, எங்க வீட்டு வாண்டு மூணு வயசுல சேந்து ஆறு வயசுல ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இருந்தான். புதுசா ஜெர்மனிக்கு வந்த நம்மாளுங்க நெறைய பேரு சேக்கலாமா வேணாமான்னு கேக்கறாங்க, ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல உண்மையச் சொல்லிடறேன், இயற்கை மேல பாசம் பொங்கி எல்லாம் நாங்க சேக்கல. ஊர்ல இருக்கற சாதாரண கீட்டா, அதாவது ஸ்கூல் வயசுக்கு முன்னாடி புள்ளைங்கள பகல்ல பாத்துக்கற எடம், எதுலயும் எடம் இல்ல. இந்த நாட்டுல 2013 ஆகஸ்ட்லேர்ந்து ஒரு வயசு முடிஞ்ச கொழந்தைக்கே எடம் கேக்க சட்டப்படி உரிமை இருக்கு, உரிமை பத்தரமா இருக்கு, எடம்தான் இல்ல. டவுன்ஹால்ல இருந்த அம்மா கம்ப்யூட்டர ரொம்ப நேரம் பாத்துட்டு, காட்டுல ஒண்ணு காலி இருக்கு வேணுமான்னு கேட்டாங்க. ஏதோ ஹவுசிங் போர்டு மனை கணக்கா. வீட்டுக்காரரு என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன், சீக்கிரமே வேலைக்குத் திரும்பணும், கையெழுத்துப் போட்டாச்சு.

அங்க என்ன இருக்குன்னு கேட்டா, கட்டடம் இல்ல. ரோடு போடறவங்க ரெஸ்ட் எடுக்க சக்கரம் வச்ச பெரிய மரப்பெட்டி மாதிரி ஒரு வண்டி வச்சிருப்பாங்க இல்ல, இங்க பௌவாகன்னு சொல்லுவாங்க, அது ஒண்ணு நிக்கும். உள்ள ஒரு சின்ன வெறகு அடுப்பு, பெஞ்சு, மாத்துத் துணி தொங்க விட ஆணி, அவ்வளவுதான். வெளில கட்டைங்கள வட்டமா போட்டிருப்பாங்க, ஒரு கம்போஸ்ட் டாய்லெட், ஒரு தண்ணி கேன். இருவது புள்ளைங்க, மூணு டீச்சருங்க. காலைல எட்டு மணிக்கு விட்டா மத்தியானம் ஒண்ணரை வரைக்கும் மழையோ பனியோ வெளிலதான். நானும் இது ஏதோ நாலு ஹிப்பி சேந்து பண்ற விளையாட்டுன்னுதான் நெனச்சேன், ஆனா முறையா பர்மிஷன் வாங்கின, அரசாங்கப் பணமும் வாங்கற கீட்டா. இதே மாதிரி நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல இருக்கு.

கதையும் பழசுதான். கிண்டர்கார்டன்ங்கற பேரே ஃப்ரோபெல்னு ஒரு ஜெர்மன்காரர் 1840ல வச்சது, குழந்தைங்களோட தோட்டம்னு அர்த்தம். அப்புறம் என்ன ஆச்சுன்னா தோட்டம் பேருல நின்னுடுச்சு, புள்ளைங்க ரூமுக்குள்ள போயிட்டாங்க. 1950கள்ல டென்மார்க்ல எல்லா ஃப்லாட்டௌனு ஒரு அம்மா தன் புள்ளைங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளைங்களையும் தெனமும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாங்க, அதுலேர்ந்துதான் இந்த யோசனையே வளந்துச்சுன்னு சொல்வாங்க. ஜெர்மனில 1968ல வீஸ்பாடன் ஊர்ல ஊர்சுலா ஸூபெங்கறவங்க சொந்தமா ஒண்ணு தொறந்தாங்க, ஆனா அரசாங்கம் அங்கீகாரம் குடுத்த மொதல் காட்டு கிண்டர்கார்டன் 1993ல வடக்க ஃப்ளென்ஸ்புர்க்ல, அதாவது டென்மார்க் பார்டர்ல ஒட்டிக்கிட்டு இருக்கற ஊர்ல. பக்கத்து வீட்டப் பாத்துதான் இங்கயும் வேகம் புடிச்சிருக்கு.

சரி, நம்ம கதைக்கு வரேன். அக்டோபர்ல சேத்தோம், அதுவே தப்பு, ஜூன்ல ஆரம்பிச்சிருந்தா மனசு கொஞ்சம் தேறியிருக்கும். பழகற வரைக்கும் அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்கணும், நான் மூணு வாரத்துக்கு மேல ஈரக் கட்டைல உக்காந்தேன். அவன் என் கோட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டான். ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது. டீச்சரு யாரும் வா வான்னு இழுக்கல, பொம்மையக் காட்டி ஆச காட்டல, காட்ட பொம்மையும் இல்ல. நாலாவது வாரம் ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு உள்ளங்கைல ஒரு மண்புழுவ வச்சுக்கிட்டு எங்களத் தாண்டிப் போச்சு, இவன் கோட்டுலேர்ந்து எறங்கி அது பின்னாடியே போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல. நான் அழுதேனா சிரிச்சேனான்னு தெரியல, கால் மரத்துப் போயிருந்துச்சு அது மட்டும் ஞாபகம் இருக்கு.

பொம்மை இல்லன்னேன் இல்ல, அதுதான் இந்த எடத்தோட பெரிய சங்கதி, மத்ததெல்லாம் அப்புறம். கார், பொம்மை, லெகோ ஒண்ணும் கெடையாது. குச்சி, கல்லு, பைன் காய், இலை, சேறு. இதுல என்ன பிரயோஜனம்னு எனக்கு ரொம்ப நாளா புரியல. ஒரு நாள் கூப்பிடப் போனப்ப சீக்கிரம் போயிட்டேன், ஒளிஞ்சு நின்னு பாத்தேன். விழுந்து கெடந்த ஒரு பெரிய மரத்து மேல ஆறு பேரு உக்காந்திருக்காங்க, அது ட்ரெயின். கொஞ்ச நேரத்துல ஒருத்தன் இல்ல இது கப்பல்ங்கறான். சண்டை. ட்ரெயினே கப்பல்ல ஏறிப் போகும்னு ஒருத்தி பஞ்சாயத்து பண்றா, அப்ப டிக்கெட்டு யாரு குடுக்கறது, பீச் மரத்து இலைதான் டிக்கெட்டு, காஞ்ச இலை செல்லாது. பொம்மைக் கார் குடுத்தா அது கார்தான், யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்ல, உருட்டினா போதும். குச்சிங்கறது வாயத் தொறந்து இது இப்ப என்னன்னு சொல்ற வரைக்கும் வெறும் குச்சி. அதனால சொல்லித்தான் ஆகணும், எதிராளி ஒத்துக்கற மாதிரி சொல்லணும். என் பையன் மொதல் மூணு மாசம் ஊமை மாதிரி இருந்தவன், அவன் பேசின மொதல் ஜெர்மன் வார்த்தையே ஸ்டோக், குச்சி. ரெண்டாவது மைன் ஸ்டோக், என் குச்சி. அடுத்த கோடைல ட்ரெயின் பஞ்சாயத்துல அவனும் ஒரு ஆளு. ஸ்பீச் தெரபி பாக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தோம், தேவைப்படல. எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான் ஆகும்னு நான் சொல்ல வரல, எங்க வீட்ல நடந்தது இது.

இன்னொரு பக்கம் என் தமிழு அடி வாங்குச்சு. மரங்கொத்தின்னா சொல்லிடுவேன், முள்ளெலி, அணில், நத்தை வரைக்கும் ஓகே. ப்ளிண்ட்ஷ்லைஹெனு ஒண்ணு, பாம்பு மாதிரியே இருக்கும் ஆனா காலில்லாத பல்லி வகை, அதுக்கு தமிழ்ல என்னம்மாங்கறான். கருப்பு ஒடம்புல மஞ்சப் புள்ளியோட மழை அன்னிக்கு வெளில வர்ற சாலமாண்டர், அதுக்கு என்னங்கறான். மதுரைல பொறந்தவ எதைன்னு சொல்லுவேன். மஞ்சப்புள்ளி மாமான்னு ஒரு பேரு வச்சேன், வீட்ல இப்ப வரைக்கும் அதுதான் பேரு.

காலைல எல்லாரும் வட்டமா நிப்பாங்க, ஒரு புள்ள மத்தவங்கள எண்ணணும், யாரு வரலன்னு சொல்லணும், இருவதுல மூணு பேரு இல்லன்னா எத்தன பேருக்கு டீ ஊத்தணும்னு அதே புள்ளதான் சொல்லணும். கணக்கு இப்படித்தான் போகுது. அப்புறம் கைவண்டிய இழுத்துக்கிட்டு அன்னிக்கு எந்தப் பக்கம்னு ஓட்டுப் போட்டு நடக்கறது. வழில நிக்கற எடம்னு சில மரங்கள் உண்டு, முன்னாடி ஓடறவன் அங்க நின்னே ஆகணும், டீச்சர் கண்ணுக்கும் கூப்பிடற கொரலுக்கும் எட்டாத தூரம் போகக் கூடாது. வேலி இல்லாத எடத்துல மூணு வருஷத்துல ஒரு புள்ள கூட காணாப் போகல, எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல நான் ரெண்டு தடவ தொலைச்சிருக்கேன்.

அஞ்சு வயசுல கத்தி குடுப்பாங்க. ஆமா கத்தி. உக்காந்துதான் சீவணும், ஒடம்புக்கு வெளிப்பக்கமாத்தான் சீவணும், கை நீட்டினா எட்டற தூரத்துல யாரும் இருக்கக் கூடாது, எழுந்திரிச்சா கத்தி உறைக்குள்ள போயிடணும். இதெல்லாம் ஒழுங்கா செஞ்சு காட்டினா சீவுற லைசென்ஸ்னு ஒரு அட்டை. அந்த அட்டைய அவன் பாஸ்போர்ட் கூட வச்சிருக்கான். கட்டை விரல்ல ஒரு வெட்டு வாங்கினான், பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினாங்க, வீட்டுக்காரரு கொதிச்சுப் போயிட்டாரு, இவன் என்னடான்னா என் தப்புதான்பா நின்னுக்கிட்டு சீவினேன்ங்கறான். அப்புறம் நாங்க என்ன பேசறது.

மதுரைல இருந்து எங்கம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, "ஏண்டி, பச்சப் புள்ளைய சேத்துல பெரள விட்டுட்டு அதுக்கு காசு வேற கட்டுறீங்களா? நாங்கெல்லாம் சும்மாத்தானடி விட்டோம்"னு கேட்டாங்க. அன்னிலேர்ந்து குடும்பம் பூரா இதே ஜோக்கு. ஆனா எனக்கு இதுல ஒரு சின்ன கணக்கு பாக்கி இருக்கு. சும்மா விட்டது எங்கண்ணனைத்தான். அவன் கம்மாய்ல குதிப்பான், நான் கரைல அவன் சட்டைக்குக் காவல். மரம் ஏறினா பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலைன்னு ஒரு சத்தம். இங்க மரத்து உச்சில உக்காந்திருக்கற பாதிப் பேரு பொண்ணுங்க, அவங்க அம்மாங்க கீழ நின்னு ஃபோட்டோ எடுக்கறாங்க. இத எங்கம்மாகிட்ட சொன்னதுக்கு, சரி சரி சாப்டியான்னு பேச்ச மாத்திட்டாங்க.

இப்ப கொறை. எனக்கு நெறைய இருக்கு, பொறுமையா படிங்க.

டைம் மொதல்ல. ஒண்ணரைக்கு முடியுதுன்னா முழு நேர வேலைய மறந்துடுங்க, ரெண்டு பேருல ஒருத்தரு பாதி நேரம்தான் பாக்க முடியும், அது யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டு டீச்சருக்கு ஒண்ணா காய்ச்சல் வந்தா அன்னிக்கு லீவு, மெசேஜ் காலைல ஆறே முக்காலுக்கு வரும். புயல் வார்னிங்னா காட்டுக்குள்ள போக மாட்டாங்க, கெளை ஒடிஞ்சு விழும், அது சரிதான், ஊரு ஸ்போர்ட்ஸ் ஹால்ல ஒரு ரூமுக்குக் கொண்டு போய் விடணும். ஒரு தடவ அந்த மெசேஜ் எனக்கு வரவே இல்ல, குரூப்ல பழைய நம்பர் இருந்திருக்கு, நானும் அவனும் காத்துல யாரும் இல்லாத பௌவாகன் முன்னாடி அரை மணி நேரம் நின்னோம், மேனேஜர் மீட்டிங்க நான் ஃபோன்ல மரத்தடில அட்டெண்ட் பண்ணினேன். ஸாரி சொன்னாங்க, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

அடுத்தது பெத்தவங்க வேலை. இது பெத்தவங்களே சேந்து நடத்தற சங்கம், சேரும்போது யாரும் இத அழுத்திச் சொல்ல மாட்டாங்க, இல்ல சொன்னாங்க எனக்குத்தான் ஜெர்மன் புரியலயோ என்னமோ. மொத மீட்டிங்ல ஏதோ லிஸ்ட் சுத்தி வந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் யா யான்னு தலையாட்டி பேரு எழுதினேன். அடுத்த சனிக்கிழமதான் தெரிஞ்சுது அது கம்போஸ்ட் டாய்லெட் காலி பண்ற லிஸ்ட்டுன்னு. ஒரு வருஷம் பண்ணினேன். மதுரைக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. அது போக வெறகு பொளக்கற நாள், வண்டி கழுவற நாள், ஒரு கயித்து ஊஞ்சல எந்த மரத்துல கட்டறதுன்னு ரெண்டரை மணி நேரம் மீட்டிங்.

உண்ணி. இத வெளையாட்டா எடுத்துக்காதீங்க. நாங்க இருக்கற பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம், பக்கத்து பவேரியா ரெண்டுலயும் ஏறக்குறைய எல்லா எடமும் எஃப்எஸ்எம்இ ரிஸ்க் ஏரியா, உண்ணி கடிச்சா வர்ற மூளைக் காய்ச்சல். அதுக்கு தடுப்பூசி இருக்கு, மூணு டோஸ், நாங்க சேக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டோம். ஆனா போரெலியான்னு இன்னொண்ணு அதே உண்ணிலேர்ந்து வரும், அதுக்கு ஊசி இல்ல, கடிச்ச எடத்துல செவப்பு வட்டம் பெருசாகிட்டே போனா உடனே டாக்டர். மார்ச்சுலேர்ந்து இலை உதிர்ற வரைக்கும் தெனம் சாயங்காலம் துணி கழட்டி தலைமுடி, காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பாக்கணும். மூணு வருஷத்துல ஒம்போது உண்ணி எடுத்திருக்கேன். ஆரம்பத்துல கை நடுங்கும், இப்ப ஃபோன் பேசிக்கிட்டே எடுப்பேன்.

சாப்பாட்டுக்கும் ரூல்ஸ் உண்டு. காட்டுல கெடைக்கற எதையும் வாயில வைக்கக் கூடாது, நரி மூலமா பரவற நாடாப்புழு ஒண்ணு இருக்கு அதுக்காக, சாப்பிடறதுக்கு முன்னாடி லாவா மண்ணுன்னு ஒரு களிமண் பொடியத் தேச்சு கேன் தண்ணில கை கழுவணும். பேர்லௌஹ்னு பூண்டு வாசம் அடிக்கற இலை வசந்த காலத்துல காடு பூரா மொளைக்கும், ஊரே பறிச்சு சட்னி அரைக்கும், ஆனா அச்சு அசலா அதே மாதிரி வெஷ இலை ஒண்ணு உண்டு, அதனால புள்ளைங்க தொடவே கூடாது. கோடைல இனிப்பு, ஜூஸ் கெடையாது, கொளவி மொய்க்கும். நான் மொத வாரம் இட்லி குடுத்து விட்டேன், குளிர்ல கல்லாப் போச்சு, அத வச்சு பசங்க பௌலிங் ஆடியிருக்காங்க. கையுறை போட்டுக்கிட்டே புடிச்சு சாப்பிடற மாதிரி இருக்கணும், சப்பாத்தி ரோல்தான் ஒர்க் ஆச்சு, பனிக்காலத்துல தெர்மாஸ்ல ரசம் சாதம். ரசம் ஒரு கட்டத்துல ஃபேமஸ் ஆகி ரெண்டு அம்மாங்க ரெசிப்பி கேட்டாங்க, அது தனிக் கதை.

துணிக்கு மொத வருஷம் முந்நூறு யூரோவுக்கு மேல ஆச்சு, மாசா மாசம் ஃபீஸ் நூத்தி அறுவது கிட்ட, அது தனி. மோசமான வானிலைன்னு ஒண்ணு கெடையாது மோசமான துணிதான் உண்டுன்னு ஜெர்மன்காரங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க, கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு, ஆனா மைனஸ் எட்டு அடிச்ச ஒரு நாள் நான் காட்டன் கையுறை மாட்டி அனுப்பிட்டேன், நனைஞ்சு வெரலு நீலமாகி கத்தியிருக்கான், அடுப்பு முன்னாடி உக்கார வச்சு ஸ்பேர் கையுறை குடுத்திருக்காங்க. கோவமா பேசுவாங்கன்னு பயந்தேன், ஒரு பேப்பர்ல என்ன வாங்கணும்னு எழுதிக் குடுத்தாங்க. கம்பளிதான் உள்ள, நடுவுல ஃப்லீஸ், மேல சேறு படறதுக்குன்னே போடற சேத்து பேண்ட், வெங்காயம் மாதிரி தோல் தோலா. காட்டன் ஒடம்ப ஒட்டி போடவே கூடாது. பூட்ஸ் டைட்டா இருந்தா அதுவே குளுரும், வெரலு ஆடணும்.

படிப்பு என்னாச்சுன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்கறாங்க. சென்னைல இருக்கற நாத்தனார் பொண்ணு அவன் வயசுல கர்சிவ் எழுதினா, இவன் பேரக்கூட எழுத மாட்டான், எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இங்க சாதாரண கீட்டாலயும் எழுத்து சொல்லித் தர மாட்டாங்க, அது ஆறு வயசுல ஸ்கூலோட வேலைன்னு விட்டுடுவாங்க. 2002ல ஹைடல்பெர்க் யூனிவர்சிட்டில பீட்டர் ஹெஃப்னர்னு ஒருத்தரு தன்னோட டாக்டரேட்டுக்கு இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, ஒண்ணாங்கிளாஸ் டீச்சருங்ககிட்ட கேட்டதுல காட்டுலேர்ந்து வந்த புள்ளைங்க கிளாஸ்ல கலந்துக்கறதுலயும் கவனத்துலயும் மத்தவங்கள விட நல்லா இருந்திருக்காங்க. டீச்சருங்க போட்ட மார்க்குதான் அது, அதோட இந்த மாதிரி எடத்துல சேக்கற வீடே கொஞ்சம் வேற மாதிரி வீடாத்தான் இருக்கும், அதனால நான் அத வச்சு ரொம்ப ஆட மாட்டேன். எங்க பையன் ஒண்ணாங்கிளாஸ் போய் ரெண்டாவது மாசம் டீச்சர் கூப்பிட்டு பென்சில கத்தி மாதிரி புடிக்கறான்னாங்க. உண்மைதான். பொங்கலுக்குள்ள சரியாப் போச்சு. அதே டீச்சர், பக்கத்துல இருக்கறவனுக்கு கணக்கு புரியலன்னா இவன் ரப்பர், சார்ப்னர் எல்லாம் வரிசையா வச்சு கதை மாதிரி சொல்லித் தர்றான்னாங்க. எனக்கு அந்த ட்ரெயின் கப்பல்ல ஏறினதுதான் ஞாபகம் வந்துச்சு.

யாருக்கு செட் ஆகாதுன்னு கேட்டா, ரெண்டு பேரும் முழு நேர வேலை, பக்கத்துல தாத்தா பாட்டி இல்ல, லேட்டா வந்தா எடுத்துக்க ஒரு பக்கத்து வீடு கூட இல்லன்னா, புள்ள எவ்வளவு சந்தோஷமா இருந்தாலும் நீங்க ஒடஞ்சு போயிடுவீங்க, வேணாம். எங்களுக்கு ஒரு கொரியா குடும்பம் பக்கத்துலயே இருந்துச்சு, மாத்தி மாத்தி கூப்பிட்டு வந்தோம், அவங்க இல்லன்னா நான் மொத வருஷமே நின்னிருப்பேன்.

பாக்கப் போறதா இருந்தா மே மாசம் போகாதீங்க. மே மாசம் வெயில் எலைல பட்டு, புள்ளைங்க பூவெல்லாம் தலைல வச்சுக்கிட்டு, எந்தக் காடும் சொர்க்கமாத்தான் இருக்கும், அங்கயே கையெழுத்துப் போட்டுடுவீங்க. நவம்பர்ல, தூறல் விடாம விழற ஒரு செவ்வாய்க்கெழமை கேட்டு வாங்கிட்டுப் போங்க. பதினோரு மணிக்கு புள்ளைங்க மொகத்தப் பாருங்க, அப்படியே டாய்லெட் லிஸ்ட்ல இப்ப யாரு பேரு இருக்குன்னும் கேட்டுடுங்க. 28 சைஸ் பனி பூட்ஸ் ஒரு ஜோடி, சேத்து பேண்ட் 116 சைஸ் ரெண்டு எங்க பரண்ல கெடக்கு, முட்டில ஒட்டுப் போட்டிருக்கும், ஃப்ரைபுர்க் பக்கம் யாராவது இருந்தா சும்மாவே வந்து எடுத்துக்கோங்க, பாக்கெட்ல கல்லு இருந்தா மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க, எண்ணி வச்சிருக்கான்.